உடைந்த இரும்புக்கு யார் பொறுப்பு?

கல்லூரியில் பொருளியல் கற்பித்த முப்பத்து மூன்று ஆண்டுகளிலும், முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கதையைத் தவறாமல் சொல்லி வந்தேன். பிரான்ஸ் நாட்டு மிதிவண்டி வீரர் யூஜீன் கிறிஸ்தோஃபின் கதை அது. 1913-ஆம் ஆண்டு, பிரனீஸ் மலையின் கரடுமுரடான இறக்கம் ஒன்றில் அவருடைய வண்டியின் முன்சக்கரக் கவை முறிந்தது. சைக்கிள் கடைகளில் ‘போர்க்’ என்று சொல்லப்படும் பாகம் அது. முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்பது. அது முறிந்தால் வண்டி வெறும் சுமை. அந்தச் சுமையுடன் கிறிஸ்தோஃப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்; அடிவாரத்துச் சிற்றூரின் கொல்லுப்பட்டறையில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சிக் கவையைச் செப்பனிட்டார்; மீண்டும் ஏறி அமர்ந்து பந்தயத்தைத் தொடர்ந்தார். விடாமுயற்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது என்று சொல்லி முடிப்பேன். வகுப்பு அமைதியாகும். ஆசிரியருக்கு மனநிறைவு தரும் அமைதி அது.

ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் இருந்தபோது, பின்வரிசை மாணவர் ஒருவர் அந்த அமைதியைக் கலைத்தார். அவருடைய தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. அந்தக் கவையைச் செய்தது யார், அது முறிந்ததால் அவர்களுக்கு என்ன நட்டம் என்று அவர் எழுந்து கேட்டார். வேறு சில மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரு கதையைச் சொல்லிவரும் பொருளியல் ஆசிரியன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். கிறிஸ்தோஃபின் வாழ்க்கையை நான் முறையாகப் படித்தது அதற்குப் பிறகுதான்.

பூட்டுத் தொழிலாளி

யூஜீன் கிறிஸ்தோஃப் 1885 ஜனவரி 22 அன்று பாரிஸ் நகரை ஒட்டிய மலாகோஃப் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் கற்றது பூட்டுத் தொழில். அரமும் சுத்தியலும் கைக்குப் பழகிய பிறகே அவர் பந்தய வண்டியில் ஏறினார். இருபது வயதை ஒட்டித் தொழில்முறை வீரரானார். நாற்பதைக் கடந்த பிறகே விலகினார். தொடக்க காலத்தில் அடர்ந்து தொங்கிய அவருடைய மீசையைக் கண்டு, பண்டைய கால் இனத்து முதியவர் என்று பொருள்படும் பட்டப்பெயரை மக்கள் அவருக்குச் சூட்டினார்கள்.

அவருடைய உடல்வலிமையை ஐரோப்பா அறிந்தது 1910-இல். இத்தாலியில் மிலானிலிருந்து சான்ரெமோ வரை நடைபெறும் பந்தயம் அந்த ஆண்டு பனிப்புயலில் சிக்கியது. துர்கீனோ கணவாயில் சாலையே தெரியாத அளவுக்குப் பனி. விரல்கள் விறைத்து, நிற்கவும் இயலாமல் வழியில் ஒதுங்கிய கிறிஸ்தோஃபை ஒரு விடுதிக்காரர் கணப்பருகே அமர்த்திப் போர்த்தினார். உடலில் சூடு திரும்பியதும் கடன் வாங்கிய முழுக்கால்சட்டையை அணிந்துகொண்டு அவர் மறுபடியும் பனியில் இறங்கினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி வெற்றி பெற்றார். அன்று பந்தயத்தை முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குளிரின் பாதிப்பிலிருந்து மீள அவர் நெடுநாள் மருத்துவம் பார்க்க நேர்ந்தது.

செய்தித்தாள் கண்டுபிடித்த மலை

கிறிஸ்தோஃபின் பெயரோடு பிரிக்க முடியாமல் பிணைந்தது டூர் டி பிரான்ஸ் பந்தயம். இன்று உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும் இந்தப் பந்தயம், ஒரு நாளிதழின் விற்பனையைப் பெருக்குவதற்காக உருவானது. ‘லோட்டோ’ என்னும் விளையாட்டு நாளிதழ், ‘லெ வெலோ’ என்னும் போட்டி இதழை வீழ்த்துவதற்காக 1903-இல் இதைத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஹென்றி டெகிராஞ். பந்தயம் எவ்வளவு கொடியதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மறுநாள் இதழ் விற்றது. சமவெளிப் பந்தயம் பழகிப்போனபோது மலை தேவைப்பட்டது.

1910-இல் அல்போன்ஸ் ஸ்தேனெஸ் என்னும் இதழாளர், பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயைப் பார்வையிடச் சென்றார். கடல்மட்டத்திலிருந்து 2,115 மீட்டர் உயரம். அவர் சென்ற கார் பனியில் சிக்கியது. இரவில் நடந்தே கணவாயைக் கடக்க முயன்று, வழிதவறி விழுந்து, உயிர் பிழைத்ததே பெரிதென்று அடிவாரம் சேர்ந்தார். ஆனால், சாலை நன்றாக இருக்கிறது, வண்டிகள் தாராளமாகப் போகலாம் என்று பாரிசுக்குத் தந்தி கொடுத்தார். தகவல் யாரிடம் இருக்கிறது, அதை மறைப்பதால் யாருக்கு ஆதாயம், விலையைச் செலுத்துபவர் யார் என்று பொருளியலில் நாங்கள் பல பக்கங்களில் எழுதுவதை அந்த ஒரு தந்தி சொல்லிவிடுகிறது.

அந்த ஆண்டு முதன்முதலாக தூர்மலே உச்சியை அடைந்தவர் ஒக்டாவ் லாபீஸ். பாதி ஓட்டியும் பாதி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தும்தான் அவரால் மேலேற முடிந்தது. அன்று இன்னொரு கணவாயில் பந்தய அமைப்பாளர்களைக் கண்டபோது, அவர்கள் கொலைத் தொழில் செய்வதாக அவர் சினந்து வசைபாடியது பந்தய வரலாற்றில் நிலைத்துவிட்டது. வசவையும் செய்தியாக்கி இதழ் விற்றது.

லூஸ் என்னும் ஊரிலிருந்து ஏறினால், தூர்மலே உச்சிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நூறு அடி நடந்தால் ஏழு அடிக்கு மேல் உயர்வது போன்ற ஏற்றம். இடையில் இளைப்பாறச் சமதளம் இல்லை. அன்றைய பாதை தார் காணாதது. சரளையும் சேறும் உருண்ட கற்களும் நிறைந்தது. வண்டியோ இன்றைய பந்தய வண்டியைப்போல் இரு மடங்கு எடை. ஓடும்போதே பற்சக்கரத்தை மாற்றும் கருவிக்கு டூர் பந்தயத்தில் 1937 வரை இடமில்லை. மாற்று டயர்களை வீரர்கள் தோளில் மாலைபோல் குறுக்கே சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள்.

ஏற்றம் மனிதனைச் சோதித்தது. இறக்கம் இரும்பைச் சோதித்தது. கல்மேல் கல்லாக முன்சக்கரம் அதிரும்போது, ஒவ்வோர் அதிர்வும் கவை தலைப்பில் சேரும் இடத்தைத் தாக்கும். உலோகம் ஒரே அடியில் முறிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று நாள்தோறும் வளர்ந்து, ஒரு நாள் முறியும். அது எந்த நாள் என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது.

அளவுகோல் மாறிய ஆண்டு

1912 டூர் பந்தயத்தில் கிறிஸ்தோஃப் அடுத்தடுத்து மூன்று நாள் கட்டங்களை வென்றார். ஆல்ப்ஸ் மலையில் மற்றவர்களைப் பின்தள்ளிவிட்டு மணிக்கணக்கில் தனியே ஓட்டினார். ஆனால் அப்போது வெற்றி புள்ளிகளால் கணிக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் எத்தனையாவதாக வந்தார் என்பதே கணக்கு. எவ்வளவு நேரம் முந்தினார் என்பது கணக்கில் இல்லை. ஒரு நொடியில் முந்தினாலும் ஒன்றுதான், ஒரு மணி நேரம் முந்தினாலும் ஒன்றுதான். பெல்ஜியத்தின் ஒடீல் டெஃப்ரே வென்றார், கிறிஸ்தோஃப் இரண்டாமிடம். எதை அளக்கிறோம் என்பதே யார் வெல்வார் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

1913-இல் கணக்கு மீண்டும் நேரத்துக்கு மாறியது. கிறிஸ்தோஃபுக்கு அப்போது 28 வயது. அவர் ஓட்டியது பிரான்சின் பெருநிறுவனமான பியூஜோ அணிக்காக. ஆறாம் கட்டம் ஜூலை 9 அன்று. பயோனிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர். நடுவில் மலைக்கணவாய்களின் வரிசை. ஒட்டுமொத்தத்தில் டெஃப்ரே முதலிடத்திலும், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் கிறிஸ்தோஃப் இரண்டாமிடத்திலும் இருந்தார்கள். அன்று டெஃப்ரே தளர்ந்து போட்டியிலிருந்தே விலகினார். தூர்மலே உச்சியை பிலிப் தீஸ் சற்று முன்னதாகக் கடக்க, அடுத்து கிறிஸ்தோஃப் கடந்தார். பாரிசில் வெற்றியாளராக நுழையும் வாய்ப்பு அந்த உச்சியில் அவர் கைக்கு எட்டிய தொலைவில் இருந்தது.

இறக்கத்தில் திடீரென வண்டி கைப்பிடிக்குக் கட்டுப்படவில்லை. நிறுத்திப் பார்த்தார். கவை முறிந்திருந்தது.

துருத்தி ஊதிய சிறுவன்

பந்தய விதி தெளிவானது. வீரர் தொடங்கிய வண்டியிலேயே முடிக்க வேண்டும். பழுதைத் தாமே நீக்க வேண்டும். யாரிடமும் எந்த உதவியும் பெறக்கூடாது. கிறிஸ்தோஃப் வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முன்சக்கரத்தைக் கையில் பிடித்தபடி இறங்கலானார். ஏற்றத்தில் அவர் பின்னுக்குத் தள்ளிய ஒவ்வொருவரும் இப்போது அவரைக் கடந்து சென்றார்கள். நடக்கும்போது அழுததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அடிவாரத்தில் சேன்ட் மரி த கம்பான் என்னும் சிற்றூர். அங்கே ஒரு சிறுமி அவரைக் கொல்லுப்பட்டறைக்கு அழைத்துச் சென்றாள். கொல்லர் உதவ முன்வந்தார். விதி குறுக்கே நின்றது. வாயால் வழி சொல்லலாம், கையால் தொடக்கூடாது. இளமையில் கற்ற பூட்டுத் தொழில் அன்று கிறிஸ்தோஃபுக்குக் கைகொடுத்தது. இரும்புக் குழாயைத் தேர்ந்து, உலையில் காய்ச்சி, அடித்து, இணைத்தார். பந்தயக் கண்காணிப்பாளர்கள் சுற்றிலும் நின்று அவர் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசிக்கிறது, போய் ஏதாவது சாப்பிட்டு வருகிறேன் என்று அவர்களில் ஒருவர் நகர்ந்தபோது, நானும் உம்முடைய கைதி, நீரும் என்னுடைய கைதி, பசித்தால் கரியைத் தின்னும் என்ற பொருள்பட கிறிஸ்தோஃப் சீறியதாக அந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் சொல்வார்கள்.

ஒரு கை இரும்பைப் பிடித்திருக்க, மறு கை சுத்தியலைப் பிடித்திருக்க, துருத்தியை ஊத மூன்றாவது கை வேண்டும். பட்டறையில் இருந்த ஒரு சிறுவன் ஊதினான். கண்காணிப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார். பிறர் உதவியைப் பெற்ற குற்றத்துக்காகப் பத்து நிமிடத் தண்டனை. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது.

கவை ஒட்டியது. கிறிஸ்தோஃப் வண்டியேறி, எஞ்சிய ஆஸ்பின், பெரசூர்த் கணவாய்களையும் கடந்து இரவு நெருங்கும் வேளையில் லூஷோனை அடைந்தார். அன்று வென்ற தீஸைவிட 3 மணி 50 நிமிடம் பின்தங்கியிருந்தார். அவர் விலகவில்லை. 140 பேர் தொடங்கிய அந்தப் பந்தயத்தை 25 பேரே முடித்தார்கள், கிறிஸ்தோஃப் ஏழாவது.

என் வகுப்பில் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். மாணவரின் கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்கியது.

வென்ற நிறுவனம், தோற்ற தொழிலாளி

அந்த ஆண்டு டூர் பந்தயத்தை வென்றவர் பிலிப் தீஸ். அவரும் பியூஜோ அணிதான். இரண்டாமிடம் பெற்ற குஸ்தாவ் கரிகூவும் அதே அணி. ஆகவே, கவை முறிந்ததால் அதைக் கொடுத்தவர்களுக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு விடை எளியது: ஒன்றுமில்லை. வெற்றி பெற்ற வண்டியின் பெயரே விளம்பரங்களில் நின்றது. ஒரு கவை முறிந்தாலும் நிறுவனத்திடம் வேறு வண்டிகளும் வேறு வீரர்களும் இருந்தார்கள். கிறிஸ்தோஃபிடம் இருந்தது ஒரே உடல்; அதற்குக் கிடைத்த வலிமையான ஆண்டுகளோ சில.

முதலீட்டாளர் தம் பணத்தைப் பல இடங்களில் பிரித்து வைத்து இடரைக் குறைத்துக்கொள்வார். தொழிலாளி தம் உழைப்பைப் பிரித்து வைக்க இயலாது. இதைப் பாடநூலில் நான் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அதே வகுப்பில் நானே சொன்ன கதைக்குள் அது இருந்ததைக் கவனிக்கவில்லை.

டெகிராஞ்சுக்கும் நியாயம் வழங்க வேண்டும். அவருடைய விதி வெறும் கொடுமையால் பிறந்ததன்று. பெருநிறுவனங்கள் வழியெங்கும் ஆட்களையும் மாற்று வண்டிகளையும் நிறுத்திவைத்துத் தங்கள் வீரர்களை வெல்லச் செய்துவிடும் என்று அவர் அஞ்சினார். எந்த நிறுவனத்தின் ஆதரவும் இன்றித் தனியாக ஓட்டிய ஏழை வீரர்களும் பந்தயத்தில் இருந்தார்கள். உதவியை அடியோடு தடுத்தால் எல்லோரும் சமம் என்பது அவர் கணக்கு. நோக்கம் நேர்மையானது. ஆனால் அந்த விதி நிறுவனத்தின் உதவியைத் தடுத்ததே அல்லாமல், நிறுவனத்தின் பொறுப்பைக் கேட்கவில்லை. உறுதியான கவையைச் செய்யும் ஆற்றல் தொழிற்சாலையிடம் இருந்தது. மலைப்பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இதழிடம் இருந்தது. முறிவின் முழு விலையையும் செலுத்தும் கடமை மட்டும் ஓட்டுபவரிடம் இருந்தது. இழப்பைத் தடுக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறதோ அவர் இழப்பின் சுமையையும் ஏற்றால்தான் இழப்பு குறையும். சுமை வேறொருவர் தோளில் இருந்தால், கவையை வலுப்படுத்த யாருக்கும் அவசரம் இருக்காது.

தமிழில் விதி என்ற ஒரே சொல் சட்டத்தையும் குறிக்கும், தலையெழுத்தையும் குறிக்கும். அந்த ஒற்றுமை எனக்கு இப்போது அச்சம் தருகிறது. மனிதர்கள் எழுதிய விதியை நீண்ட காலம் கேள்வி கேட்காமல் வைத்திருந்தால், அது தலைவிதி போலவே தோன்றத் தொடங்கிவிடுகிறது.

மஞ்சள் சட்டை

1914-இல் தொடங்கிய உலகப் போர் நான்கு பந்தயங்களை விழுங்கியது. மூன்று டூர் வெற்றியாளர்களையும் விழுங்கியது: பிரான்சுவா ஃபேபர் 1915-இல் போர்முனையில் இறந்தார், தூர்மலேயை முதலில் கடந்த லாபீஸ் 1917-இல் வான்போரில் வீழ்ந்தார், அதே ஆண்டு லூசியன் பெத்தி பிரதோன் போர்ப்பணியின்போது சாலை விபத்தில் மடிந்தார். கிறிஸ்தோஃப் உயிரோடு திரும்பினார், 34 வயதில்.

1919 டூர் பந்தயம் போரின் சிதைவுகளுக்கு நடுவே நடந்தது. தொடங்கிய 67 பேரில் முடித்தவர்கள் பத்துப் பேர். நலிந்திருந்த வண்டி உற்பத்தியாளர்கள் ‘லா ஸ்போர்த்திவ்’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து முன்னணி வீரர்களில் பெரும்பாலோரை ஆதரித்தார்கள். எல்லோருடைய சட்டையும் ஒன்றுபோல் இருந்ததால் முதலிடத்தில் இருப்பவர் யாரென்று பார்வையாளர்களுக்குத் தெரியவில்லை. எனவே முதலிடத்தில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை அளிக்கப்பட்டது. லோட்டோ இதழ் அச்சான தாளின் நிறமும் மஞ்சள்தான். இன்று மிதிவண்டி உலகின் தலையாய சின்னமான அந்தச் சட்டையை, ஜூலை 19 அன்று கிரெனோபிள் நகரில் முதன்முதலாக அணிந்தவர் கிறிஸ்தோஃப். அப்போது அதில் பெருமை இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. மஞ்சள் குருவி என்று வழியெங்கும் கேலி செய்தார்கள். அவருக்கு அந்தச் சட்டையே பிடிக்கவில்லை.

பாரிஸ் சேர இரண்டே கட்டங்கள் எஞ்சியிருந்தன. மெட்ஸிலிருந்து டன்கிர்க் வரை 468 கிலோமீட்டர்; போர் சிதைத்த வடபுலத்தின் கற்பாவிய சாலைகள். முதலிடத்தில் கிறிஸ்தோஃப், ஏறத்தாழ அரை மணி நேரம் பின்னால் பெல்ஜியத்தின் ஃபிர்மன் லாம்போ. வலான்சியேன் நகரருகே மறுபடியும் கவை முறிந்தது. மறுபடியும் ஒரு பட்டறையைத் தேடி, மறுபடியும் தம் கையாலேயே செப்பனிட்டார். அன்று மாலை மஞ்சள் சட்டை லாம்போவுக்குச் சென்றது. பாரிசை அடைந்தபோது கிறிஸ்தோஃப் மூன்றாவது.

இந்த முறை மக்கள் பேசாமல் இருக்கவில்லை. லோட்டோ இதழ் அவருக்காக நிதி திரட்டியது. செல்வர்களும் கொடுத்தார்கள், ஓரிரு பிராங்க் மட்டுமே கொடுக்க முடிந்தவர்களும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் பட்டியல் நாள்தோறும் அச்சானது. 13,000 பிராங்குக்கு மேல் சேர்ந்தது. பந்தயத்தை வென்ற லாம்போவின் முதற்பரிசு 5,000 பிராங்க். விதி தராததை மக்கள் தந்தார்கள். எனினும் அந்த நிதியைப் படிக்கும்போது என் மனம் இரண்டாகப் பிரிகிறது. மக்களின் இரக்கம் பெரிது. ஆனால் நட்டஈடு தர வேண்டிய இடத்தில் நன்கொடை வந்து நின்றது. நன்கொடை கிறிஸ்தோஃப் போன்ற புகழ்பெற்றவர்களுக்கே கிடைக்கும். பெயர் தெரியாத வீரரின் கவை முறிந்தால் பட்டியல் அச்சாகாது.

மூன்றாம் முறிவும் மாறிய விதியும்

1922-இல் கிறிஸ்தோஃப் மீண்டும் மஞ்சள் சட்டை அணிந்தார். வயது 37, அந்த வயதில் அதை அணிந்தவர் இன்றுவரை வேறெவரும் இல்லை. அந்த ஆண்டு ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயிலிருந்து இறங்கும்போது மூன்றாம் முறையாகக் கவை முறிந்தது. எட்டாவதாக முடித்தார். அதே பந்தயத்தில் எக்டர் எசுகெம் என்னும் பெல்ஜிய வீரர் வண்டி பழுதானதால் வேறு வண்டியை எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத் தண்டனை விதிக்கப்பட்டு, கைக்கு வந்த வெற்றியை இழந்தார். அதனால் வென்றவர் மறுபடியும் லாம்போ.

மறு ஆண்டு பழுதான பாகங்களை மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1930-இல் டெகிராஞ் இன்னும் ஒரு படி சென்றார். நிறுவன அணிகளை நீக்கி, நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார். தயாரிப்பாளர் பெயர் எழுதாத மஞ்சள் வண்டிகளைப் பந்தய அமைப்பே எல்லோருக்கும் வழங்கியது. பாதையைத் தேர்ந்தவரே வண்டிக்கும் பொறுப்பேற்றார். கிறிஸ்தோஃபின் முதல் கவை முறிந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. விதிகள் மாறக்கூடியவை என்பதற்கு அது சான்று. மாறும்வரை ஆகும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதற்கும் அதுவே சான்று.

கிறிஸ்தோஃப் 1920-இலும் 1921-இலும் போர்தோ - பாரிஸ் நெடும்பந்தயத்தை வென்றார்; சேற்றுநிலப் பந்தயத்தில் ஏழு முறை பிரெஞ்சு வாகையர் ஆனார். டூர் பந்தயத்தில் 11 முறை கலந்துகொண்டார். கடைசியாக 1925-இல், நாற்பது வயதில். ஒருமுறைகூட வெல்லவில்லை. ஓய்வுக்குப் பின் அவர் பெயர் உலகெங்கும் பரவியது வேறொரு பொருளின் வழியே: காலைப் பெடலோடு பிணைக்கும் பிடிகளும் தோல்வார்களும் ‘கிறிஸ்தோஃப்’ என்ற முத்திரையோடு பல பத்தாண்டுகள் விற்பனையாயின. இரும்பால் பலமுறை வஞ்சிக்கப்பட்டவரின் பெயர் உறுதிக்கு உத்தரவாதமாக இரும்பில் பொறிக்கப்பட்டது. 1970 பிப்ரவரி 1 அன்று, 85 வயதில் அவர் காலமானார்.

பட்டறைச் சுவரின் முன்னால்

கடந்த கோடையில் துலூஸ் நகரில் பணிபுரியும் என் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோது, சேன்ட் மரி த கம்பானுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். ஆஸ்பின் கணவாய்க்கும் தூர்மலே கணவாய்க்கும் சாலைகள் பிரியும் சிறிய சந்திப்பு அது. பழைய பட்டறைச் சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது. முறிந்த கவையோடு நிற்கும் கிறிஸ்தோஃபின் சிலையும் ஊரில் இருக்கிறது. அங்கிருந்து மேலே செல்லும் 17 கிலோமீட்டர் சாலை இப்போது வழவழப்பான தார்ச்சாலை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏற்றத்தின் அளவைச் சொல்லும் பலகை. ஏழு கிலோ எடையுள்ள வண்டிகளில் என் வயதுக்காரர்கள்கூட மெல்ல ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் லாபீஸின் உருவம் வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

இறங்கும்போது கிறிஸ்தோஃப் நடந்த தொலைவைக் காரின் அளவுமானியில் பார்த்தபடி வந்தேன். கால்மணி நேரத்தில் கடந்துவிட்டோம். அந்தத் தொலைவை என் வாழ்நாளில் எத்தனை முறை வகுப்பில் எளிதாகச் சொல்லிக் கடந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தயம் மாறிவிட்டது. வண்டி பழுதானால் பின்தொடரும் காரிலிருந்து மாற்று வண்டி நொடிகளில் கைக்கு வருகிறது. ஆனால் டெகிராஞ்சின் பழைய விதி உலகை விட்டுப் போய்விடவில்லை; பந்தயச் சாலையிலிருந்து நகரச் சாலைக்கு இடம் மாறியிருக்கிறது. உணவுப் பெட்டியை முதுகில் சுமந்து, கைப்பேசிச் செயலி காட்டும் நிமிடங்களுக்குள் ஓட வேண்டிய இளைஞரை எந்தப் பெருநகரத்திலும் பார்க்கலாம். பெரும்பாலும் வண்டி அவருடையது, எரிபொருள் அவருடையது, பழுது பார்க்கும் செலவும் அவருடையது. குண்டும் குழியுமான சாலையை அவர் போடவில்லை. நேரத்தை அவர் குறிக்கவில்லை. சக்கரம் வளைந்தால் அன்றைய வருமானம் போனது மட்டும் அவர் கணக்கில் எழுதப்படுகிறது. நிறுவனத்துக்கு வேறு வண்டிகள் இருக்கின்றன. அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டி விளம்பரம்கூட வரும். சமூகப் பாதுகாப்பு பற்றிப் பேசும் சட்டங்கள் அவரை இப்போதுதான் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியிருக்கின்றன. முறிவின் விலையைப் பங்கிட்டுக்கொள்வது பற்றி அவை இன்னும் தெளிவாகப் பேச வேண்டும்.

விடாமுயற்சியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கிறிஸ்தோஃபின் மன உறுதிக்கு முன்னால் நான் இன்றும் தலைவணங்குகிறேன். ஆனால் ஒருவருடைய உறுதியைப் புகழ்வது, அவருக்கு நேர்ந்ததைக் கேள்வி கேட்காமல் இருக்க நல்ல வசதியாகிவிடுகிறது. முப்பது ஆண்டுகள் நான் செய்தது அதைத்தான். வகுப்பில் கிடைத்த அந்த அமைதி, எல்லோரும் சிந்தித்ததால் வந்தது என்று நம்பியிருந்தேன்.

பட்டறைச் சுவரின் படத்தை அந்த மாணவருக்கு அனுப்பினேன். அவர் இப்போது தொழிற்சங்கம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். அன்று அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்ட விடையை, நிறுவனம் எதையும் இழக்கவில்லை என்பதை, படத்தோடு சேர்த்து எழுதினேன். விடையை அவர் முன்பே ஊகித்திருந்தாராம். துருத்தி ஊதிய சிறுவனுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் திருப்பிக் கேட்டிருக்கிறார்.